கணினிக்குள் ஒரு சாமான் சீட்டு



போன தடவை இதே பலகையில் கடல் ஆமை முட்டையிடுவதைப் பற்றி எழுதினேன். நிறைய பேர் படித்துவிட்டு நன்றாக இருந்தது என்று சொன்னீர்கள். இந்த முறை கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறேன். "ஐயோ, கம்ப்யூட்டரா!" என்று ஓடிப் போய்விடாதீர்கள். இதில் அண்டா வரும், கரண்டி வரும், கல்யாண வீடு வரும், நான் அக்காவிடம் திட்டு வாங்கியதும் வரும். எழுத்து கொஞ்சம் பொடிசாக இருக்கும். கிட்ட வந்து நின்று படியுங்கள்.

நான் செய்த தப்பு

எங்கள் வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. அதன் பேட்டரி செத்துப் போய் ரொம்ப நாளாகிறது. பிளக் சொருகி இருந்தால்தான் அதற்கு உயிர். அதில்தான் அக்கா, அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுவுக்குத் தீர்மானம், வரவு செலவு எல்லாம் தமிழில் டைப் செய்து கொடுப்பாள்.

குழுவில் 12 பேர். பாதிப் பேர் கருவாடு போடுகிறவர்கள். ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அப்புறம் மீன் வரத்து குறையும், விலை ஏறும். அதற்கு முன்னாடியே மீன் வாங்கி உப்பு போட்டுக் காய வைத்துவிட வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். அதற்காக வங்கியில் கடன் கேட்டு ஒரு விண்ணப்பம், கூடவே குழுவின் கணக்கு, தீர்மானம் எல்லாம் செவ்வாய்க்கிழமைக்குள் கொடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா லேப்டாப்பில் அப்டேட் ஓட விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். அம்மா என்னைச் சட்னி அரைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்வது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். நான் யோசிக்கவே இல்லை. லேப்டாப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்சியைச் சொருகிவிட்டேன். ஸ்கிரீன் டப்பென்று அணைந்தது.

அக்கா வந்து மறுபடி போட்டாள். லேப்டாப் எழுந்தது. ஆனால் தமிழ் கீபோர்டு வரவில்லை. எந்தக் கட்டையைத் தட்டினாலும் ஆங்கில எழுத்துதான். சரி, அந்தத் தமிழ் மென்பொருளை மறுபடி போட்டுவிடலாம் என்று பார்த்தால் ஒரு செய்தி வந்தது. "இந்தப் பொட்டலத்தின் கோப்புப் பட்டியலில் கடைசி வரி முடிவு இல்லை" என்பது அதன் அர்த்தம். அதோடு நின்றுவிட்டது. தமிழ் மென்பொருள் மட்டும் இல்லை, வேறு எதையும் போடவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

"ஏண்டி பிளக்கைப் புடுங்கினே? நாளன்னிக்கு பேங்குக்குப் போவணும், பன்னெண்டு பேரும் என்னையத்தான் கேப்பாங்க" என்று அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு திட்டவும் செய்தாள், அது வேறு விஷயம்.

ஒரு பட்டியல், அதில் ஒரே ஒரு வரி முடிவு இல்லை, அதற்காக முழுக் கணினியும் ஏன் அடம் பிடிக்க வேண்டும்? அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

மாமா கடையின் சீட்டு

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். அவர் சாமியானா பந்தல், பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். "இன்னாம்மா, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் பட்டியல் என்றதும் சிரித்தார்.

"எனக்கும் அதே பொழப்புதான். சீட்டு இல்லன்னா நானும் வண்டிய எடுக்க மாட்டேன்" என்றார்.

மாமா கடையில் எப்படித் தெரியுமா? ஒரு கல்யாண வீட்டுக்குச் சாமான் போகிறது என்றால் கார்பன் வைத்து இரண்டு சீட்டு எழுதுவார். அண்டா 4, தேக்சா 6, ஜல்லிக் கரண்டி 3, தாம்பாளம் 10, சேர் 200 என்று வரி வரியாக இருக்கும். ஒன்று வாங்குகிறவர் கையில், ஒன்று கடையில். கல்யாணம் முடிந்ததும் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றுவார்கள்.

"ஒரு தடவ கோவளம் பக்கம் ஒரு கல்யாணம். சீட்டு மழையில நனைஞ்சி போச்சி. பையனுங்க ஞாபகத்துல ஏத்திட்டானுங்க. வூட்டுக்காரங்களோட சொந்த அண்டா ஒண்ணு நம்ம வண்டியில வந்துடுச்சி. நம்ம கரண்டி ரெண்டு அவங்க வூட்லயே தங்கிடுச்சி. பெரிய சண்டையாப் போச்சி" என்றார் மாமா.

இதைக் கேட்டதும் எனக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. மறுநாள் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தேன். மதியச் சாப்பாட்டு மணியில் எங்கள் சார் உட்கார்ந்து பார்த்தார். அவர் சொன்னதையும் மாமா சொன்னதையும் சேர்த்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

பொட்டலம் என்றால் என்ன?

நாம் ஒரு மென்பொருள் என்று சொல்வது உண்மையில் ஒரே ஒரு பொருள் அல்ல. அது நிறைய கோப்புகள். ஓடுகிற நிரல் ஒரு இடத்தில், படங்கள் ஒரு இடத்தில், எழுத்துரு ஒரு இடத்தில், உதவிக் குறிப்பு ஒரு இடத்தில், அமைப்புக் கோப்பு ஒரு இடத்தில் என்று பிரிந்து போய் உட்காரும். கல்யாண வீட்டில் அண்டா சமையல் கட்டுக்கும், ஜமக்காளம் பந்தலுக்கும், குத்துவிளக்கு மேடைக்கும் போகிற மாதிரி.

இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி அனுப்புவதுதான் பேக்கேஜ், அதாவது பொட்டலம். எங்கள் அக்காவின் லேப்டாப்பில் இருப்பது பாஸ் லினக்ஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. இது டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது.

டெபியன் பொட்டலத்துக்கு 'டெப்' என்று பெயர். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே முக்கியமாக இரண்டு மூட்டைகள். ஒரு மூட்டையில் கோப்புகள், ஒவ்வொன்றும் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற முகவரியோடு. இன்னொரு மூட்டையில் பொட்டலத்தின் பெயர், பதிப்பு எண், இது ஓட வேறு எந்தப் பொட்டலம் வேண்டும் என்ற விவரம்.

இதைப் பிரித்து வைக்கும் வேலைக்காரரின் பெயர் டிபிகேஜி. அவர் கோப்புகளை இடத்தில் வைத்த உடனே ஒரு சீட்டு எழுதி வைப்பார். 'வார்' என்ற அறைக்குள் 'லிப்', அதற்குள் 'டிபிகேஜி', அதற்குள் 'இன்ஃபோ' என்ற அறை. அங்கே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு பட்டியல் கோப்பு இருக்கும். ஒரு வரிக்கு ஒரு முகவரி. அவ்வளவுதான். சாதாரண எழுத்துதான், நாமே திறந்து படிக்கலாம். இத்தனை பெரிய கணினியின் நினைவு இந்தச் சின்னச் சீட்டுகளில் இருக்கிறது என்று சார் காட்டியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பட்டியல் எதற்கெல்லாம் வேண்டும்?

ஒன்று, எடுப்பதற்கு. ஒரு மென்பொருள் வேண்டாம் என்றால் டிபிகேஜி பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு கோப்பாக எடுத்துவிடும். பட்டியலில் இல்லாததைத் தொடாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பட்டியலில் கோப்புகளோடு அவை இருக்கும் அறைகளின் பெயரும் இருக்கும். ஒரே அறை நூற்றுக்கணக்கான பொட்டலங்களின் பட்டியலில் இருக்கலாம். அதற்காக அறையையே இடித்துவிட்டால் மற்றவர்கள் கதி? அதனால் அறை காலியாக இருந்தால்தான் எடுக்கும். உள்ளே வேறு யாருடைய பொருளோ இருந்தால் "அறை காலியாக இல்லை, எடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பந்தல் காலைப் பிடுங்கலாம், பந்தல் போட்ட திண்ணையை இடிக்கலாமா?

இரண்டு, புதுப் பதிப்பு போடுவதற்கு. பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். பழையதில் இருந்து புதியதில் இல்லாத கோப்புகளை அப்புறப்படுத்தும். இப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் குப்பை சேர்ந்துகொண்டே போகும்.

மூன்று, சண்டை வராமல் இருப்பதற்கு. ஒரே முகவரியில் இரண்டு பொட்டலம் ஒரே பெயரில் கோப்பு வைக்கப் பார்த்தால், "இது ஏற்கெனவே இன்னொரு பொட்டலத்துக்குச் சொந்தம்" என்று டிபிகேஜி நிறுத்திவிடும். மாமாவின் பாத்திரங்களில் பேர் வெட்டியிருக்கும். இங்கே பட்டியல்தான் அந்தப் பேர். ஆனால் பட்டியல் தொலைந்துபோன பொட்டலத்தின் கோப்பு மேல் வேறு பொட்டலம் வந்து உட்கார்ந்தால் தடுக்க ஆள் இல்லை. பேர் வெட்டாத அண்டா மாதிரிதான்.

நான்கு, சரிபார்ப்பதற்கு. பல பொட்டலங்களோடு இன்னொரு சீட்டும் வரும். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நீள எண் இருக்கும். கோப்பின் உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். கோப்பு கெட்டுப் போயிருக்கிறதா, காணாமல் போயிருக்கிறதா என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இப்போது புரிகிறதா, அக்காவின் லேப்டாப் ஏன் அடம் பிடித்தது என்று? எந்தப் பொட்டலத்தைப் போடுவதற்கு முன்பும் எது யாருடையது என்று தெரிய வேண்டும். அதற்காக எல்லாப் பட்டியலையும் டிபிகேஜி படிக்கும். ஒரு பட்டியல் பாதியில் அறுந்திருந்தால், கடைசியில் இருப்பது முழு முகவரியா, பாதி முகவரியா என்று அதற்குத் தெரியாது. பாதி முகவரியை நம்பி எதையாவது அழித்துவிட்டால்? அதனால் சந்தேகம் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அது அடம் இல்லை, ஜாக்கிரதை. நனைந்த சீட்டோடு வண்டி ஏற்றியிருக்கக் கூடாது என்று மாமா சொன்னாரே, அதேதான்.

சார் எப்படிச் சரி செய்தார்?

முதலில் செய்தியைப் பொறுமையாக முழுசாகப் படித்தார். கெட்டுப்போனது எந்தப் பொட்டலம் என்று அதிலேயே இருந்தது. எம்-17-என் டிபி என்று பெயர். பல மொழிகளுக்கான கீபோர்டு வரைபடங்கள் அதில் இருக்கின்றன. தமிழ் 99 கீபோர்டும் அதில்தான் இருக்கிறது.

அந்தப் பட்டியலைத் திறந்தார். மேலே வரிகள் ஒழுங்காக இருந்தன. பாதிக்கு மேல் கன்னாபின்னாவென்று ஏதோ குறிகள். நான் பிளக்கைப் பிடுங்கிய நேரத்தில் டிஸ்க்கில் எழுதி முடியவில்லை.

அடுத்து அந்தப் பட்டியலை அழிக்கவில்லை. வேறு இடத்துக்கு மாற்றி வைத்தார். "கெட்டுப் போனதுகூட சாட்சிம்மா, தூக்கிப் போடக்கூடாது" என்றார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

பட்டியல் இல்லை என்றதும் டிபிகேஜி, "பட்டியல் காணோம், இந்தப் பொட்டலத்தில் கோப்பே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்" என்று எச்சரித்தது. ஆனால் நிற்கவில்லை, வேலை செய்தது. பிறகு அதே பொட்டலத்தை மறுபடி போட்டார். இறக்கிய டெப் கோப்பு லேப்டாப்பிலேயே இருந்ததால் இன்டர்நெட்கூடத் தேவைப்படவில்லை. கோப்புகள் மறுபடி இடத்தில் உட்கார்ந்தன, புதுச் சீட்டு எழுதப்பட்டது. பாதியில் நின்ற மற்ற பொட்டலங்களையும் முடிக்கச் சொன்னார்.

கடைசியாக, எடுத்து வைத்த பழைய பட்டியலில் நன்றாக இருந்த வரிகளையும் புதுப் பட்டியலையும் ஒப்பிட்டார். பழையதில் மட்டும் இருக்கிற கோப்பு ஏதாவது இருந்தால் அது இனி யாருக்கும் சொந்தமில்லாமல் அங்கேயே கிடக்கும், அதனால்தான் என்றார். அப்படி எதுவும் இல்லை.

லேப்டாப்பை ஆஃப் செய்து போட்டார். என்னைத் தட்டச் சொன்னார். 'அ' வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பட்டியலை முதலில் யார் எழுதுகிறார்கள்?

நாம் போடும்போது டிபிகேஜி சீட்டு எழுதுகிறது, சரி. ஆனால் பொட்டலத்தில் என்ன இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்பவர் ஒரு மனிதர். அவரைப் பொட்டலம் கட்டுபவர் என்று சொல்லலாம். அவர் வேலைதான் கஷ்டம்.

அவர் செய்யும் முதல் காரியம், மென்பொருளைத் தன் கணினியில் நேராகப் போடாமல் ஒரு காலி அறைக்குள் போடுவது. "இதுதான் முழுக் கணினி" என்று மென்பொருளை நம்ப வைத்து அந்த அறைக்குள் கொட்ட வைப்பார். பிறகு அறைக்குள் என்ன விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். மாமா சாமானைக் கடைக்குள் வைத்து எண்ண மாட்டார். கடையில்தான் ஆயிரம் சாமான் இருக்குமே! காலி வண்டியில் ஏற்றிவிட்டு, வண்டியில் இருப்பதை எண்ணுவார். இரண்டும் ஒரே புத்திதான்.

அடுத்து, விழுந்ததையும் எழுதியதையும் ஒப்பிட வேண்டும். இதில் இரண்டு வழிகள் உண்டு.

ரெட் ஹாட், சூசே போன்ற லினக்ஸ்களில் ஆர்பிஎம் என்ற வகைப் பொட்டலம். அதைக் கட்டுபவர் ஒரு குறிப்பேடு எழுத வேண்டும். அதில் 'ஃபைல்ஸ்' என்று ஒரு பகுதி. எந்தெந்தக் கோப்பு பொட்டலத்துக்குள் போக வேண்டும் என்று அங்கே எழுத வேண்டும். எழுதிய கோப்பு அறையில் இல்லையென்றால் "கோப்பு காணோம்" என்று நின்றுவிடும். அறையில் இருக்கிற கோப்பைப் பட்டியலில் எழுதாவிட்டால் "பொட்டலத்தில் சேராத கோப்பு இருக்கிறது" என்று நின்றுவிடும். சாதாரணமாக இரண்டு பக்கமும் சரியாக இருந்தால்தான் பொட்டலம் கட்டப்படும்.

டெபியனில் ஒரு மென்பொருளைப் பல பொட்டலமாகப் பிரிக்கும்போது, எந்தக் கோப்பு எந்தப் பொட்டலத்துக்கு என்று தனித்தனிச் சீட்டு எழுதுவார்கள். எந்தச் சீட்டிலும் வராமல் விடுபட்ட கோப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு தனிக் கருவியே இருக்கிறது.

"ஒவ்வொன்றாக எழுதுவானேன், நட்சத்திரக் குறி போட்டால் எல்லாம் என்று அர்த்தமாகிவிடுமே" என்று நான் சாரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில்: சோம்பேறித்தனமாக எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டால், அடுத்த பதிப்பில் ஒரு முக்கியமான கோப்பு காணாமல் போனாலும் யாருக்கும் தெரியாது. "எல்லாம்" என்றால் இருப்பது எல்லாம்தானே? வர வேண்டியது எது என்று எழுதியிருந்தால்தான் வராதது தெரியும். நம் வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரி. "வந்தவர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள்" என்று எழுதினால் யார் லீவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதே மாதிரி ஆர்பிஎம்மில் ஒரு அறையின் பெயரை மட்டும் எழுதினால் அதற்குள் இருக்கிற அத்தனையும் சேர்ந்துவிடும். அறை மட்டும்தான் என்னுடையது என்றால் அதற்குத் தனிக் குறி போட வேண்டும்.

பட்டியலில் தனி மரியாதை

அமைப்புக் கோப்பு என்று ஒன்று சொன்னேன் அல்லவா? அதை நாம் நம் வசதிக்கு மாற்றியிருப்போம். அப்டேட் வரும்போது அதன் மேல் புதுசை வைத்துவிட்டால் நாம் மாற்றியது போய்விடும். அதனால் இந்த வகைக் கோப்புகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. நாம் மாற்றியிருக்கிறோமா என்று டிபிகேஜி எண்ணை வைத்துப் பார்க்கும். நாமும் மாற்றியிருந்து புதுப் பதிப்பிலும் மாறியிருந்தால், "உன்னுடையது வேண்டுமா, புதியது வேண்டுமா?" என்று கேட்கும். மென்பொருளை எடுத்தாலும் இவை அங்கேயே இருக்கும். மொத்தமாகச் சுத்தம் செய் என்று தனியாகச் சொன்னால்தான் போகும்.

இன்னொரு வகை, மென்பொருள் ஓடும்போது தானாக உண்டாகிற கோப்புகள். இவை பொட்டலத்தோடு வருவதில்லை, பட்டியலிலும் இருக்காது. கல்யாண வீட்டில் சேர்கிற எச்சில் இலை, அடுப்புச் சாம்பல் மாதிரி. மாமா சீட்டில் சாம்பல் இருக்காது. ஆனால் யாராவது கூட்டித்தான் ஆக வேண்டும். அதனால் நல்ல பொட்டலம் கட்டுபவர் எடுக்கும்போது கூட்டுவதற்கென்று ஒரு சின்ன நிரலையும் சேர்த்து வைப்பார். அப்படிச் செய்யாவிட்டால்தான் "அறை காலியாக இல்லை" என்ற செய்தி வரும்.

உங்களுக்குத் தெரியுமா?

* டெபியனை 1993-ல் ஆரம்பித்தவர் இயன் மர்டாக். டெப்ரா என்ற பெண்ணின் பெயரையும் இயன் என்ற தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். டிபிகேஜி 1994-ல் பிறந்தது. பிறகு அதை சி மொழியில் திரும்ப எழுதியவர் பெயரும் இயன்தான், இயன் ஜாக்சன்!

* 2023-ல் வந்த டெபியன் 12-ல் 64,000-க்கும் மேல் பொட்டலங்கள். இத்தனைக்கும் சீட்டு உண்டு.

* நம் மாநில அரசு நிறுவனமான எல்காட், 2007 வாக்கில் சி.உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சூசே லினக்ஸுக்கு மாறியது. அது ஆர்பிஎம் வகை. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அது டெப் வகை. இரண்டு வகைச் சீட்டும் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கின்றன.

* செங்கல்பட்டிலிருந்து பீச் ரயிலில் போனால் குரோம்பேட்டை வரும். அங்கே உள்ள எம்ஐடி வளாகத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக ஆய்வு மையமும் சி-டாக்கும் சேர்ந்துதான் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையத்தை நடத்தின. நாம் ஜன்னலோரம் வேர்க்கடலை தின்றுகொண்டே தாண்டிப் போகிற ஊர்!

நீங்களும் செய்து பார்க்கலாம்

வீட்டில் பழைய இலவச லேப்டாப் இருந்தால், அதில் பாஸ் லினக்ஸ் இருந்தால், கட்டளை ஜன்னலைத் திறந்து 'டிபிகேஜி', ஒரு இடைவெளி, ஒரு கோடு, பெரிய 'எல்', ஒரு இடைவெளி, ஒரு பொட்டலத்தின் பெயர் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். அந்தப் பொட்டலத்தின் முழுச் சீட்டும் வரும். பெரிய 'எல்'லுக்குப் பதில் பெரிய 'எஸ்' போட்டு, பொட்டலப் பெயருக்குப் பதில் ஒரு கோப்பின் முகவரியைக் கொடுத்தால் அது எந்தப் பொட்டலத்துக்குச் சொந்தம் என்று சொல்லும். இரண்டும் படிக்க மட்டும்தான், எதையும் கெடுக்காது. பயப்பட வேண்டாம்.

ஆனால் மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்.

1. அப்டேட் ஓடும்போது பிளக்கைப் பிடுங்காதீர்கள். சட்னி காத்திருக்கும்.

2. இடம் காலி செய்கிறேன் என்று சிஸ்டம் அறைகளில் இருக்கிற கோப்பைக் கையால் அழிக்காதீர்கள். சீட்டில் இருக்கும், இடத்தில் இருக்காது. பிறகு குழப்பம்தான். எடுக்க வேண்டுமென்றால் பொட்டலமாக எடுக்கச் சொல்லுங்கள்.

3. பொட்டலமாக இல்லாமல் நேரடியாகக் கொட்டப்படும் மென்பொருளைப் போடும் முன் யோசியுங்கள். அதற்கு டிபிகேஜியிடம் சீட்டு கிடையாது. எடுக்கும்போது எது எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் தேட வேண்டும்.

முடிவாக

திங்கட்கிழமை ராத்திரி அக்கா பதினொரு மணி வரை உட்கார்ந்து டைப் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து குழு நோட்டைப் படித்துச் சொன்னேன். பிளக் பக்கத்தில் யாரையும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். கடன் இன்னும் வரவில்லை. வங்கியில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். ஆனால் கொடுக்க வேண்டிய நாளில் கொடுத்தாகிவிட்டது.

அம்மாவின் குழு நோட்டிலும் 12 பேர், 12 வரி. யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதியிருக்கிறது. அதில் ஒரு வரி அழிந்துபோனால் ஒருத்தருடைய பணம் யாருக்கும் சொந்தமில்லாமல் போய்விடும். இதுவரை அந்த நோட்டைச் சும்மா ஒரு நோட்டு என்று நினைத்தேன். அன்று ராத்திரி படித்துச் சொல்லும்போது ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை பார்த்துப் பார்த்துப் படித்தேன். அக்கா "என்னடி இவ்ளோ மெதுவா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

மாமா இப்போது சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கிறார். நான் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்க உண்டியலில் காசு சேர்க்கிறேன்.

 தப்பு இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், பென்சிலால் பலகையில் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தோழி,
ஒன்பதாம் வகுப்பு மாணவி